மாடியில் ஒரு ராஜா, பொக்கிஷசாலையில் ஒரு ராஜா

ஞாயிறு பள்ளிக்குப் போன யாருக்கும் நேபுகாத்நேச்சார் மறந்திருக்காது. தேசங்களை ஆட்டிப் படைத்த ராஜா, கையையும் காலையும் ஊன்றி மாட்டோடு மாடாகப் புல் மேய்கிறான். மேலே பனி இறங்குகிறது. தலைமயிர் கழுகின் இறகுபோல நீண்டுவிட்டது, நகம் பறவையின் நகம்போல வளைந்துவிட்டது. அகந்தைக்கு என்ன கூலி என்று ஒரு பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல படம் வேண்டாம். வில்லியம் பிளேக் 1795இல் செய்த அச்சோவியத்திலும் இந்த ராஜாதான் தவழ்கிறான். கண்கள் பீதியில் வெறித்திருக்கும்.

யூதாவின் ராஜா எசேக்கியாவுக்கு அப்படி ஒரு படம் இல்லை. பிரசங்கங்களில் அவன் வருவது வேறு காரியத்துக்காக. சுவர்ப்பக்கம் திரும்பி அழுது ஜெபித்தவன், 15 வருஷம் ஆயுசு கூட்டி வாங்கியவன். வியாதிக்காரர் வீட்டில் ஜெபிக்கப் போகிறவர்கள் விரும்பி வாசிக்கிற பகுதி அது. அதை வாசித்து முடித்ததும் வேதாகமத்தை மூடிவிடுவார்கள். அடுத்து வருகிற அதிகாரத்துக்கு யாரும் போவதில்லை. ஏசாயா புத்தகத்தின் 39ஆம் அதிகாரம் அது. மொத்தம் 8 வசனம். நேபுகாத்நேச்சாரின் கதை தானியேல் புத்தகத்தின் 4ஆம் அதிகாரம், 37 வசனம்.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரு ராஜா தன்னிடம் இருப்பதைக் கண்டு பூரிக்கிறான். இரண்டிலும் பாபிலோன் இருக்கிறது. இருவரில் யாருடைய பெருமை பொல்லாதது என்று கேட்டால், புல் தின்றவனுடையது என்று நான் சொல்லமாட்டேன்.

முதலில் சத்தம் போட்டவனைப் பார்ப்போம்.

நேபுகாத்நேச்சார் பாபிலோனை ஆண்டது கி.மு. 605 முதல் 562 வரை. ராபர்ட் கோல்டவே என்ற ஜெர்மானியர் 1899 முதல் 1917 வரை அந்த மண்மேடுகளைத் தோண்டினார். கை வைத்த இடமெல்லாம் ஒரே பெயர்தான் வந்தது. செங்கலுக்குச் செங்கல் முத்திரை: இன்னார் மகன், இன்ன கோயில்களைப் பேணுகிறவன், பாபிலோனின் ராஜா நேபுகாத்நேச்சார். நீல மெருகேற்றிய இஷ்டார் வாசல், அதில் வரிசை வரிசையாக நடக்கிற காளைகள், பாம்புத்தலை மிருகங்கள், ஊர்வல வீதி, அடிப்பக்கம் ஏறக்குறைய 91 மீட்டர் சதுரத்தில் எழுந்த கோபுரம் எல்லாம் அவன் கட்டியவை, அல்லது அப்பன் தொடங்கி அவன் முடித்தவை. அவனுடைய நீண்ட கல்வெட்டு ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பத்துப் பத்தி, 600 வரிக்கு மேல். பாபிலோன் ராஜாவின் கல்லுக்கு 'ஈஸ்ட் இண்டியா ஹவுஸ் கல்வெட்டு' என்று ஏன் பெயர் வந்தது என்று வியக்க வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது போய்ச் சேர்ந்தது, சென்னைக் கோட்டையில் உட்கார்ந்து நம்மை ஆண்டதே, அதே கம்பெனியின் கைக்கு.

அசீரிய ராஜாக்களின் கல்வெட்டுகளைப் படித்தால் ரத்த வாடை அடிக்கும். எத்தனை ஊரை எரித்தேன், எத்தனை பேரைச் சிறைப்பிடித்தேன் என்று கணக்குச் சொல்வார்கள். நேபுகாத்நேச்சாரின் கல்வெட்டுகள் வேறு மாதிரி. போர்ப்பேச்சு குறைவு, மதில் எழுப்பினேன், வாசல் உயர்த்தினேன், கேதுரு மரம் கொண்டுவந்து கூரை வேய்ந்தேன் என்று கட்டடக் கணக்குதான். அந்த வகையில் தானியேல் புத்தகம் அவன் குரலைச் சரியாகவே பிடித்திருக்கிறது. அரண்மனை மாடியில் உலாவும்போது அவன் ஜெயித்ததைச் சொல்லவில்லை. இந்த மகா நகரம் என் பலத்தால் என் மகிமைக்காக நான் கட்டியது அல்லவா என்ற கருத்தில்தான் பேசுகிறான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கல்வெட்டும் மாடிப்பேச்சும் ஒத்துப்போகவில்லை. கல்வெட்டில் அவன் பரம பக்தன். மர்தூக் தேவன் ராஜ்யம் கொடுத்தார், மர்தூக்குக்காகக் கட்டினேன், மர்தூக் இதை ஏற்றுக்கொள்ளட்டும் என்று வரிக்கு வரி கும்பிடுகிறான். மாடியில் அந்த மர்தூக்கைக் காணோம். எழுத்தர்கள் பக்கத்தில் இருந்து எழுதும்போது வருகிற பணிவு, தனியே உலாவும்போது வராமல் போவது ராஜாக்களுக்கு மட்டும் உள்ள குறை அல்ல.

அவன் சொன்னதில் பொய் ஏதாவது உண்டா? இல்லை. பாபிலோனைக் கட்டினவன் அவன்தான்; கோல்டவே தோண்டிய ஒவ்வொரு செங்கலும் அதற்குச் சாட்சி. பெருமையடிப்பவன் பொய் சொல்கிறான் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். வேதாகமம் காட்டும் இந்த இரண்டு ராஜாக்களும் பேசியது உண்மை, காட்டியதும் உண்மை. உண்மையாக இருப்பதால்தான் மறுத்துச் சொல்ல ஆளில்லாமல் போகிறது. (1980களில் சதாம் உசேன் அதே இடத்தில் அரண்மனையைத் திரும்ப எழுப்பினார். புதிய செங்கற்களில் தன் பெயரையும் பொறிக்கச் செய்தார். அந்தச் செங்கற்கள் சொல்வதும் உண்மைதான்.)

மாடிப்பேச்சுக்கு ஒரு வருஷம் முன்பே அவனுக்கு எச்சரிப்பு வந்துவிட்டது. வானத்தை எட்டும் ஒரு மரத்தைக் கனவில் காண்கிறான். கிளையில் பறவைகள், நிழலில் மிருகங்கள், எல்லாருக்கும் அதில் ஆகாரம். அதை வெட்டச் சொல்லி ஒரு குரல். அடிமரம் மட்டும் இரும்பும் வெண்கலமுமான விலங்கோடு தரையில் நிற்கட்டும் என்று உத்தரவு. அர்த்தம் கேட்கப்பட்ட தானியேல் திகைத்து வாயடைத்து நிற்கிறார். இந்தக் கனவு உம்முடைய சத்துருக்களுக்குப் பலிக்கட்டும் என்கிறார். தன் ஜனத்தைச் சிறைப்பிடித்தவனிடம் சொல்லும் வார்த்தை இது. பிறகு அவர் சொல்லும் யோசனையை நான் பலமுறை படித்தும் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். அடக்கமாகப் பேசு என்று அவர் சொல்லவில்லை. நீதி செய், ஏழைகளுக்கு இரங்கு என்கிறார். பெருமை என்ற நோய்க்கு ஏழைக்கு இரங்குவது எப்படி மருந்தாகும்? மாடியிலிருந்து பார்க்கிறவனுக்கு மதில் தெரியும், செங்கல் சுமந்தவன் தெரியமாட்டான். சுமந்தவனின் முகம் ஒருமுறை கண்ணில் பட்டிருந்தால், 'நான் கட்டினேன்' என்ற வாக்கியம் அவ்வளவு சுலபமாக வாயில் வந்திருக்காது. தானியேல் வைத்தியம் சொன்னது நாக்குக்கு அல்ல, கண்ணுக்கு என்றே எனக்குப் படுகிறது.

12 மாதம் ஒன்றும் நடக்கவில்லை. கனவு பழையதாகியிருக்கும். பிறகு அந்த உலாவல், அந்தப் பேச்சு. வாக்கியம் வாயில் இருக்கும்போதே வானத்திலிருந்து குரல் விழுகிறது.

இந்த அதிகாரத்தின் நடையில் ஒரு நுட்பம் உண்டு. இது எல்லா ஜனங்களுக்கும் நேபுகாத்நேச்சார் எழுதிய கடிதமாகத் தொடங்குகிறது. 'நான்', 'என்' என்று அவனே பேசுகிறான். தானியேல் பேசத் தொடங்கும் இடத்திலிருந்து கதை படர்க்கைக்கு மாறுகிறது. மாடியும் குரலும் புல்லும் 'அவன்' கதையாகத்தான் சொல்லப்படுகின்றன. கண்ணை வானத்துக்கு ஏறெடுத்து புத்தி திரும்பியதும், மறுபடி 'நான்' வருகிறது. எழுதியவர் திட்டமிட்டுச் செய்தாரோ, கைக்கு வந்ததோ, 'நான் கட்டினேன்' என்றவனுக்கு, புல் மேய்ந்த ஏழு காலமும் 'நான்' என்ற சொல்லே இல்லை.

சரித்திரக்காரர்கள் இங்கே கையை உயர்த்துவார்கள். நேபுகாத்நேச்சாருக்குப் புத்தி பேதலித்ததாகப் பாபிலோனிய ஆவணங்களில் தெளிவான சாட்சி கிடையாது. அவனுக்குப் பின்னால் வந்த நபோனிது என்ற ராஜா, தலைநகரை விட்டு அரேபியப் பாலைவனத்துத் தைமா ஊரில் பத்து வருஷம் கிடந்தான். கும்ரான் குகைகளில் கிடைத்த ஓர் அரமேயத் துணுக்கில் இந்த நபோனிதுக்குக் கொடிய சருமநோய் ஏழு வருஷம் இருந்ததாகவும், ஒரு யூதன் அவனுக்கு வழிகாட்டியதாகவும் வருகிறது. தானியேல் கதையின் வேர் அந்த ராஜாவாக இருக்கலாம் என்று கருதும் அறிஞர் பலர். என் ஒப்பீட்டுக்கு அதனால் கேடில்லை. இங்கே நான் பார்ப்பது வேதாகமம் எதைப் பெருமை என்று வரைகிறது என்பதை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. அந்தத் துணுக்கில் நபோனிதின் நோய்க்கு வரும் சொல்லும், எபிரெயத்தில் எசேக்கியாவின் பிளவைக்கு வரும் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை.

பிளவை கண்ட அந்த ராஜாவிடம் வருவோம்.

எசேக்கியா 25 வயதில் யூதாவின் சிங்காசனம் ஏறி 29 வருஷம் ஆண்டான். அப்பன் ஆகாஸ் மூடிப்போட்ட ஆலயத்தைத் திறந்தவன். மோசே செய்ததாயிருந்தும், ஜனங்கள் தூபம் காட்டுகிறார்கள் என்பதற்காக வெண்கலச் சர்ப்பத்தையே உடைத்துப்போட்டவன். அவனுக்கு முன்னும் பின்னும் யூதாவில் அவனைப்போல் ஒரு ராஜா இல்லை என்று ராஜாக்களின் புத்தகம் சான்றிதழ் தருகிறது. அப்படிப்பட்டவனைத்தான் நேபுகாத்நேச்சாருக்குப் பக்கத்தில் நிறுத்துகிறேன்.

அவன் காலத்தில் எருசலேமுக்கு அடியில் பாறையைக் குடைந்து 533 மீட்டர் நீளத்துக்கு ஒரு நீர்ச்சுரங்கம் வெட்டினார்கள். முற்றுகை வந்தால் ஊருக்குள் தண்ணீர் வேண்டுமே. இரண்டு முனையிலிருந்தும் இரண்டு கூட்டம் வெட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்தித்தது. 1880இல் சுரங்கச் சுவரில் கண்டெடுத்த கல்வெட்டு இப்போது இஸ்தான்புல்லில் இருக்கிறது. அது என்ன சொல்கிறது தெரியுமா? பாறைக்கு அப்புறம் ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது, கோடரிக்கு எதிர்க்கோடரி மோதியது, தண்ணீர் ஓடியது. வெட்டியவர்களின் கதை அவ்வளவுதான். மிஞ்சியிருக்கும் வரிகளில் ராஜாவின் பெயரே இல்லை. நேபுகாத்நேச்சாரின் செங்கல்களை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் கொஞ்ச நேரம் பேச்சு வராது. இத்தனை பெரிய வேலையைச் செய்து பெயர் பொறிக்காமல் விட்டவனா பெருமைக்காரன்?

அவன் நோயில் விழுகிறான். சாவாய் என்று தீர்க்கதரிசி ஏசாயா சொல்கிறார். சுவர்ப்பக்கம் திரும்பி அழுகிறான். 15 வருஷம் கிடைக்கிறது. அத்திப்பழ அடையைப் பிளவையின் மேல் வைக்கிறார்கள். அடையாளமாக, ஆகாஸின் படிகளில் இறங்கிய நிழல் பத்துப் படி பின்னுக்குப் போகிறது. செய்தி பாபிலோன்வரை எட்டுகிறது. அங்கிருந்து மெரோதாக் பலாதான் கடிதமும் காணிக்கையும் கொடுத்துத் தூதரை அனுப்புகிறான்.

இந்த மெரோதாக் பலாதான் நலம் விசாரிக்கிற ஆசாமி அல்ல. அசீரியாவின் காலடியில் இருந்து பாபிலோனைப் பிடுங்கி கி.மு. 721 முதல் 710 வரை ஆண்டவன். துரத்தப்பட்டு, 703இல் திரும்பி வந்து சில மாதம் ஆண்டவன். மறுபடி சதுப்பு நிலங்களுக்குள் ஓடி ஒளிந்தவன். அசீரியாவுக்கு எதிராகக் கூட்டாளி தேடுவது அவன் பிழைப்பு. வந்தவர்கள் பார்க்க விரும்பியது எசேக்கியாவின் உடம்பு தேறியதையா, கஜானா தேறியதையா என்பதை ஊகிக்கக் கஷ்டமில்லை.

எசேக்கியா மகிழ்ந்துபோனான். வெள்ளி, பொன், வாசனைப் பொருள், உயர்ந்த பரிமளதைலம், ஆயுதசாலை முழுவதும் ஒவ்வொன்றாகத் திறந்தான். அரண்மனையிலும் ராஜ்யத்திலும் காட்டாத பொருள் ஒன்றும் இல்லை என்கிறது வேதாகமம். பேச்சே கிடையாது. அந்தக் காட்சியில் ஒரு வாக்கியம்கூட எசேக்கியாவின் வாயில் இல்லை. நேபுகாத்நேச்சார் நாக்கால் செய்ததை இவன் சாவியால் செய்தான்.

'பெருமை' என்ற சொல்லும் அங்கே இல்லை. ஏசாயாவிலும் ராஜாக்கள் புத்தகத்திலும் தேடினால் அகப்படாது. நாளாகமத்துக்குப் போனால்தான் அவன் 'மனமேட்டிமை' கொண்டான் என்று வருகிறது. நம் மொழிபெயர்ப்பாளர்களின் நல்ல சொற்களில் இது ஒன்று: மனம் மேடாகிப் போவது. மாடி ஏறி நின்றவனின் மேடு எல்லாருக்கும் தெரியும். தரையிலேயே நிற்கிறவனின் உள்ளே எழும்பும் மேடு அவனுக்கே தெரியாது. நாளாகமம் இன்னொன்றும் சொல்கிறது: தூதர்கள் தேசத்தில் நடந்த அற்புதத்தைக் கேட்டறிய வந்தார்கள்; எசேக்கியாவின் இருதயத்தில் உள்ளது வெளிப்படும்படி தேவன் அவனைக் கைவிட்டு நின்றார். அதாவது அது தேர்வு. நேபுகாத்நேச்சாருக்குக் கனவு, அர்த்தம், ஒரு வருஷத் தவணை எல்லாம் உண்டு. பக்திமானுக்கு எச்சரிப்பே இல்லை. சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுபோல.

கேட்க வந்தது நிழலைப் பற்றி. வானத்தைப் பார்த்துக் கணக்கு வைக்கிற நாட்டிலிருந்து வந்தவர்கள் அவர்கள். நிழல் பின்வாங்கியது என்றால் சும்மா இருப்பார்களா? 'சாகக் கிடந்தேன், அழுதேன், பிழைத்தேன்' என்று சொல்ல எசேக்கியாவுக்குக் கிடைத்த மேடை அது. அவன் வெள்ளியைக் காட்டினான். பரிதாபமான மாற்று! சொல்ல வேண்டியதில் அவன் பலவீனம் இருந்தது, காட்டியதில் பலம் இருந்தது. படுக்கையில் கிடந்து எழுந்தவனுக்கு நான் தேறிவிட்டேன், பலமாக இருக்கிறேன் என்று நாலு பேருக்குக் காட்ட ஆசை வருவதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அங்கேதான் எனக்கு அவன்மேல் இரக்கமும் வருகிறது.

புத்தகத்தின் வரிசையில் இதற்குச் சற்று முன்னால் இன்னொரு கடிதம் வருகிறது. அசீரியாவின் சனகெரிப் மிரட்டி எழுதியது. அதைக் கையில் வாங்கிய எசேக்கியா நேரே ஆலயத்துக்குப் போய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தான். பகைவன் எழுதிய கடிதம் ஆலயத்துக்குப் போயிற்று. நண்பன் எழுதிய கடிதம் பொக்கிஷசாலைக்குப் போயிற்று. மிரட்டலைத் தேவனிடம் கொண்டுபோகத் தெரிந்தவனுக்குப் பாராட்டைக் கொண்டுபோகத் தெரியவில்லை. இந்த இரண்டு கடிதங்களையும் ஒரே பிரசங்கத்தில் சேர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

ஏசாயா வருகிறார். தானியேல், ராஜா கூப்பிட்டனுப்பிய பிறகு வந்தவர். இவர் கூப்பிடாமலே வருகிறார். மூன்று கேள்வி கேட்கிறார். இந்த மனுஷர் என்ன சொன்னார்கள்? எங்கேயிருந்து வந்தார்கள்? உம்முடைய வீட்டில் என்ன பார்த்தார்கள்? எசேக்கியா முதல் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. இரண்டாவதற்கு உற்சாகமாகச் சொல்கிறான்: தூரதேசத்திலிருந்து, பாபிலோனிலிருந்து. அந்தத் தூரத்தில் ஒரு பூரிப்பு கேட்கிறது. அவ்வளவு தொலைவிலிருந்து நம்மைத் தேடி வருகிறார்கள் பாருங்கள் என்பதுபோல. மூன்றாவதற்கு, என் வீட்டில் உள்ளது எல்லாம், என் பொக்கிஷங்களில் ஒன்றும் மறைக்கவில்லை என்கிறான். வீடும் என்னுடையது, பொக்கிஷமும் என்னுடையது. மாடியில் கேட்ட அதே 'என்' இங்கேயும் வந்துவிட்டது.

தீர்ப்பு கடுமையானது: இதெல்லாம் ஒருநாள் பாபிலோனுக்குப் போகும், உன் சந்ததியில் சிலர் அந்த ராஜாவின் அரண்மனையில் அரண்மனை வேலைக்காரராயிருப்பார்கள்.

எசேக்கியா சொன்ன பதிலில்தான் எனக்குத் தீராத வழக்கு. கர்த்தருடைய வார்த்தை நல்லது என்கிறான். என் நாட்களில் சமாதானம் இருக்குமே என்பது அவன் எண்ணம். இதைப் பணிவு என்று விளக்குகிறவர்கள் உண்டு. நாளாகமக்காரர் அவனுக்காகப் பரிந்து, அவன் மேட்டிமையை விட்டுத் தாழ்ந்தான், ஆகவே கோபம் அவன் நாளில் வரவில்லை என்கிறார். இருக்கட்டும். ஆனால் தனக்குச் சாவு என்று கேட்ட நாளில் சுவர்ப்பக்கம் திரும்பி மிகவும் அழுதவன், பிள்ளைகளுக்குச் சிறை என்று கேட்ட நாளில் அழவில்லை. கெஞ்சவில்லை, தவணை கேட்கவில்லை. கெஞ்சினால் கிடைக்கும் என்று அவனைவிட நன்றாக அறிந்தவர் யார்? கூடுதலாகக் கிடைத்த வருஷங்களில் பிறந்தவன்தான் அவன் மகன் மனாசே. அப்பன் இறந்தபோது அவனுக்கு வயது 12. ஏசாயா சொன்ன சந்ததி அன்றைக்குப் பிறந்துகூட இருக்காது. அதைச் சலுகையாக வேண்டுமானால் கொடுக்கலாம்.

இப்போது தண்டனைகளை வைத்துப் பாருங்கள். நேபுகாத்நேச்சார் பேசினான், அவனே விழுந்தான், அவனே புல் தின்றான், அவனே தெளிந்தான், அவனே மறுபடி ஆண்டான். கடனும் அவனுடையது, அடைத்தவனும் அவன். எசேக்கியா காட்டினான், அவன் தலைமயிர் ஒன்றும் நீளவில்லை. சமாதானமாக மரித்தான், மரியாதையோடு அடக்கம்பண்ணினார்கள். கணக்கு பேரப்பிள்ளைகளின் பேரில் எழுதப்பட்டது. என் தராசில் எசேக்கியாவின் தட்டு இறங்குவது இதனால்தான். புலம்பித் திருந்துவதற்கு வேண்டிய வலிகூட அவனுக்குக் கிடைக்காமல் போயிற்று. மாடியில் கத்தியவனைச் சுற்றியிருந்தவர்கள் பைத்தியம் என்று அடையாளம் கண்டார்கள். வீட்டைச் சுற்றிக் காட்டிய நல்லவனிடம் ஒரு தீர்க்கதரிசியைத் தவிர வேறு யாரும் தப்புக் காணவில்லை.

அந்தப் பொக்கிஷம் என்ன ஆயிற்று? தூதர் வந்தது கி.மு. 701க்கு முன்னால் என்பதே பொருத்தமாகப் படுகிறது. 701இல் சனகெரிப் யூதாவுக்குள் புகுந்தான். அவனுடைய களிமண் பட்டயம் இன்றும் இருக்கிறது: அரணான 46 ஊர்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் எருசலேமில் அடைத்ததாகவும், 30 தாலந்து பொன்னும் 800 தாலந்து வெள்ளியும் வாங்கியதாகவும் அதில் பெருமையடிக்கிறான். (மூன்றாவது பெருமைக்காரன், அவனுக்குத் தனிக் கட்டுரை வேண்டும்.) வேதாகமக் கணக்கில் பொன் அதே 30, வெள்ளி 300. அதைக் கொடுப்பதற்காக, ஆலயக் கதவுகளில் தான் பதித்த பொன்னைத் தானே உரித்தான் எசேக்கியா. விருந்தாளிகளுக்குக் காட்டியது அவன் காலத்திலேயே நினிவேக்குப் போய்விட்டது. எருசலேம் திரும்பவும் சேர்த்து வைத்ததை எடுத்துப்போக இன்னொருவன் நூறு வருஷம் கழித்து வந்தான்.

அந்த இன்னொருவன் நேபுகாத்நேச்சார். பாபிலோனிய நாளேட்டுப் பலகை ஒன்று தேதியோடு சொல்கிறது: கி.மு. 597, மார்ச் 16, யூதாவின் நகரம் பிடிபட்டது. எசேக்கியாவின் மகன் மனாசே, அவன் மகன் ஆமோன், அவன் மகன் யோசியா, அவன் மகன் யோயாக்கீம், அவன் மகன் யோயாக்கீன். இந்த யோயாக்கீன் 18 வயதில், மூன்றே மாதம் ஆண்டுவிட்டு, தாயோடும் அரண்மனையாரோடும் சரணடைந்து பாபிலோனுக்குப் போனான். ஆலயத்துப் பொக்கிஷமும் ராஜாவின் அரண்மனைப் பொக்கிஷமும் அவனுக்குப் பின்னால் போயின. எசேக்கியா திறந்து காட்டிய கதவின் வழியாகத்தான் நேபுகாத்நேச்சாரின் மாடி உயர்ந்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகை. ஆனால் இரண்டு கதைகளும் ஒரே கதையின் முன்பாதி பின்பாதி என்பது மிகை அல்ல. தானியேல் அந்த அரண்மனைக்குள் எப்படி வந்தார்? யூதாவின் ராஜகுலத்திலும் பிரபுக்களிலும் பொறுக்கியெடுத்த வாலிபரில் ஒருவராக. மாடிக்காரனின் கனவுக்கு அர்த்தம் சொன்ன வாய், பொக்கிஷசாலைக்காரனின் கடனில் போன வாய்.

கோல்டவே தோண்டிய அரண்மனையில் ஒரு நிலவறையில் களிமண் பலகைகள் கிடைத்தன. எர்ன்ஸ்ட் வைட்னர் என்ற அறிஞர் 1939இல் அவற்றைப் படித்து வெளியிட்டார். நம் ஊர் ரேஷன் கடைச் சிட்டை மாதிரி, யாருக்கு எவ்வளவு எண்ணெய் அளந்தோம் என்ற கணக்கு. கி.மு. 592ஐச் சேர்ந்த பலகையில் யூதா தேசத்து ராஜா யோயாக்கீனின் பெயர் இருக்கிறது. அவனுடைய ஐந்து பிள்ளைகளுக்கும் சேர்த்து இரண்டரை சிலா. ஒரு சிலா ஏறக்குறைய ஒரு லிட்டர். எசேக்கியா தூதருக்குத் திறந்து காட்டிய பரிமளதைலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பலகைகள் பெர்லினில் பெர்கமோன் மியூசியக் கட்டடத்துக்குள் இருக்கும் பண்டைய மேற்காசியத் தொகுப்பில் சேர்ந்தவை. நேபுகாத்நேச்சாரின் நீல வாசலும் அங்கேதான் நிற்கிறது. மெரோதாக் பலாதான் ஓர் அதிகாரிக்கு நிலம் கொடுத்ததைச் செதுக்கிய கறுப்புக் கல்லும் அதே தொகுப்பில் உண்டு. விருந்தாளி, கொள்ளை கொண்டவன், ரேஷன் வாங்கிய பேரப்பிள்ளைகள் மூவரும் ஒரே கூரையின் கீழ். பழுதுபார்ப்புக்காக அந்த மியூசியத்தை 2023 அக்டோபரில் மூடிவிட்டார்கள்.